பல்கனித் தடுப்புக்கு இந்தப் பக்கம்

எடி வதனி,

தோழி இல்லாமல் போன பிறகு, அவளுடைய பக்கத்து வீட்டை ஒருத்தி எதற்காக வாங்க வேண்டும்? ஒரு கிழமையாக இந்தக் கேள்வியோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்போது தெரிந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. நீ இருந்திருந்தால், "கேள்வியைத் திருப்பிப் போடு, ஏன் வாங்கக் கூடாது?" என்றிருப்பாய். திருப்பியும் போட்டுப் பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

மொரிதா எழுதியிருந்தார். ஜப்பானில், ஒகயாமாவில் உன் கட்டடத்து வீடுகளை விற்றுக் கொடுக்கும் முகவர். தொலைபேசியில் கதைக்கும்போதும் தலை குனிகிறவர் என்று நீ சொல்லிச் சிரிப்பாயே, அவர்தான். உன் பக்கத்து வீடு, 402, இன்னும் விற்கப்படவில்லையாம். அங்கே இருந்த ஓகி அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு, அவருடைய மகன் எனக்குத்தான் விற்பதாக உனக்குத் தந்த வாக்குக்காக வீட்டைப் பூட்டியே வைத்திருந்தாராம். பழைய வீடுகளை வாங்கித் திருத்தி விற்கும் கம்பனி ஒன்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் என் முடிவைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பல்கலைக்கழக விடுதியில் எங்களுக்கு அடுத்தடுத்த அறைகள். நடுவில் சுவர் கிடையாது, ஒட்டுப்பலகைதான். பரீட்சைக் காலத்தில் நீ அந்தப் பக்கமிருந்து விரலால் இரண்டு தரம் தட்டுவாய். நித்திரையோ என்று அர்த்தம். நான் ஒரு தரம் தட்டினால் இல்லை என்று அர்த்தம். நித்திரை என்றால் எப்படித் தட்டுவது என்று கேட்டேன். "பதில் வராட்டில் நித்திரை எண்டு நான் எடுத்துக்கொள்ளுவன்" என்றாய்.

பிறகு நீ புலமைப்பரிசிலில் ஜப்பானுக்குப் போனாய். நான் கலியாணம் கட்டி இங்கே வந்தேன். படிப்பு உன்னைக் கைவிடவில்லை. என் கலியாணம் அவ்வளவு உறுதியானதாக இருக்கவில்லை. இப்போது ஷ்லீரன் என்ற இந்த ஊரில் தனியாக இருக்கிறேன். கட்டடப் பொருட்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில், கொங்கிறீற் உருளைகளை இயந்திரத்தில் வைத்து அவை எந்தப் பாரத்தில் நொறுங்குகின்றன என்று பார்ப்பதுதான் என் தொழில். எதையும் சந்தேகத்தோடு பார்க்கிறவளுக்கு ஏற்ற தொழில் என்று நீ சொல்வாய்.

ஞாயிறு மத்தியானம் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பேன். நீ இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கதைக்க வருவாய். எங்கள் இரண்டு ஊர்களுக்கும் நேர வித்தியாசம் கோடையில் ஏழு மணித்தியாலம், குளிர்காலத்தில் எட்டு. "எப்பவும் நான் உனக்கு ஏழு மணித்தியாலம் மூத்தவள், மரியாதையாக் கதை" என்பாய். அந்தக் கணக்கைப் போட எனக்கு விரலும் தேவைப்பட்டதில்லை, மணிக்கூடும் தேவைப்பட்டதில்லை.

அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இது தொடங்கியது.

"எடி, ஓகி அம்மாவின்ரை வீட்டை விக்கப் போயினமாம். நீ வாங்கு."

"உனக்கு விசரோ?"

"சொல்லுறதைக் கேள். இஞ்சை வெளிநாட்டாக்களும் வாங்கலாம். உன்ர ஊரிலை நிலத்துக்குக் கீழை ஒரு கார் விடுற இடம் வாங்கிற காசுக்கு, இஞ்சை பழசா மூண்டு அறை வரும்."

"கட்டடத்துக்கு எத்தினை வயசு?"

"எங்களை விடக் கொஞ்சம் இளசு."

"அப்ப நிலநடுக்கச் சட்டம் மாறுறதுக்கு முந்திக் கட்டினது."

"ஓம். எங்களையும்தான் ஒரு சட்டமும் பாக்காமல் கட்டினவை. நிண்டுகொண்டுதானே இருக்கிறம்?"

நான் சிரித்துக்கொண்டே லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாய். ஆனால் மூன்றாம் மாடியில் நிற்கும், அதற்குப் பிறகு ஆறாம் மாடியில்தான் நிற்கும். அந்தக் காலத்தில் செலவை மிச்சம் பிடிக்க அப்படித்தான் கட்டினார்களாம்.

"நாங்கள் நாலு. மூண்டிலை இறங்கி ஒரு மாடி ஏறவேணும்."

"என்ர முழங்கால்?"

"முழங்காலுக்கு நல்லது. ஏறிப் பழகு."

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு இதையே கதைத்தோம்! தண்ணீர்க் குழாய்களை எப்போது மாற்றினார்கள், பெரிய திருத்த வேலைக்கு என்று எல்லா வீட்டுக்காரரும் மாதாமாதம் போடும் பணம் காணுமா, சுவரைத் துளைத்து மாதிரி எடுத்துப் பார்த்தார்களா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ பொறுமையாகப் பதில் சொன்னாய். ஒருநாள் பொறுமை முடிந்தது. "உன்ர புருசனை நீ இப்பிடித் துளைச்சுப் பாத்திருந்தால் இண்டைக்கு இந்தக் கதையே இல்லை" என்றாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் தொலைபேசியை வைத்திருப்பேன்.

அந்த வருடம் கட்டடச் சங்கத்துக்கு நீதான் தலைவி. வீடு வீடாக முறை வைத்து வரும் பதவி அது. சைக்கிள்களில் இலக்கம் ஒட்டுவதைப் பற்றி ஒரு முழுக் கூட்டம் நடந்ததாகச் சொன்னாய். "எங்கடை கோயில் நிர்வாகக் கூட்டம் மாதிரித்தான். என்ன, ஒருத்தரும் கத்தமாட்டினம். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

ஒருமுறை கைபேசியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாய். வெயிலை மறைக்க நீ வலையில் படரவிட்டிருந்த பாகல் கொடியைக் காட்டத்தான் போனாய். அங்கே நிறையப் பேர் அப்படி வளர்ப்பார்களாம். காய் மிஞ்சினால் ஒரு பையில் போட்டு ஓகி அம்மாவின் கதவுக் கைபிடியில் கொழுவிவிடுவாய். மணி அடிக்கமாட்டாய். மறுநாள் அதே பை வேறு ஏதோவொன்றோடு உன் கதவில் தொங்கும். அன்று கொடியைக் காட்டி முடித்துவிட்டு, உன் பல்கனிக்கும் 402இன் பல்கனிக்கும் நடுவில் இருந்த வெள்ளைத் தடுப்பைக் காட்டினாய்.

"இது சுவரில்லை, பாத்தனியோ? மெல்லிய பலகை. நெருப்பு, நிலநடுக்கம் எண்டால் இதை உதைச்சு உடைச்சுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போ எண்டு எழுதி ஒட்டியிருக்கு."

"உண்மையாவோ?"

"உண்மையா. இதிலை ஒண்டும் சாத்தி வைக்கக் கூடாது. என்ர பாகல் சாடியை வைச்சிருந்தன். கட்டடத்தைப் பாக்கிறவர் வந்து மூண்டு தரம் குனிஞ்சுபோட்டுத்தான் விசயத்தைச் சொன்னவர். நீ வந்தியெண்டால் சட்டப்படி நான் உதைச்சுக்கொண்டு வரலாம்."

வதனி, எனக்கு அந்த வீடு பிடித்தது அந்த இடத்தில்தான். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. குழாயைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டேன்.

இங்கே என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது நல்ல கொங்கிறீற். தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், அதை யாரும் உதைத்து உடைக்க முடியாது. அந்தப் பக்கம் ஃப்ராவ் ஹூபாகர் இருக்கிறார். கணவரை இழந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். நான் இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் அங்கேதான். எங்கள் இருவருக்கும் உள்ள உறவு, நிலக்கீழ்ச் சலவை அறையின் திறப்புதான், அந்த ஒற்றைச் சாவி. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சலவை நாள்; என் நாள் முடிந்தால் நான் அதை அவர் கதவில் கொழுவுவேன். படியில் கண்டால் வணக்கம் சொல்லுவோம். அவர் வீட்டுக் குசினி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் இது வசதியாகத்தான் இருந்தது.

குளிர்காலத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு நீயே வாடகைக் காரில் போனாயாம். செய்தி எனக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. உன் தம்பி ரொறன்ரோவிலிருந்து போய் உன் 403ஐ ஒதுக்கி, விற்றுவிட்டுத் திரும்பினான். உன் வீட்டிலிருந்து ஒருநாள் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, வாசலிலை ரெண்டு சோடி வீட்டுச் செருப்புக் கிடக்கு. ஒண்டு வதனி அக்கான்ரை. மற்றது புதுசு, போடவே இல்லை. ஆருக்கு வாங்கினவ எண்டு தெரியேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்கு என்று சொல்லவில்லை. தெரியாது என்றேன். அதை அவன் என்ன செய்தானோ?

உனக்குச் செய்தி சொல்ல வேண்டும். அண்ணன் ஓய்வூதியம் எடுத்துவிட்டான், நாள் முழுக்க வானொலி கேட்கிறான். எங்கள் தெருவில் இருந்த தொழிற்சாலையை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடங்கள் கட்டுகிறார்கள். அவற்றின் கொங்கிறீற் மாதிரிகள் எங்கள் ஆய்வுகூடத்துக்குத்தான் வருகின்றன. நல்ல கலவை. அங்கே ஒரு வீட்டின் விலையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நடந்தேன். ஞாயிறு மத்தியானங்கள் நீளமாக இருக்கின்றன. இப்போது சோற்றை அடிப்பிடிக்க விடாமல் சமைக்கிறேன். அது ஒன்றுதான் முன்னேற்றம்.

போன ஞாயிறு அண்ணனின் மனைவி ரதி மச்சாள் ஆட்டிறைச்சிக் கறியோடு வந்தா. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவ, மனதில் ஒன்றையும் மூடி வைக்கத் தெரியாதவ. மேசையில் மொரிதா அனுப்பிய வீட்டுப் படங்கள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தா.

"மச்சாள், உங்களுக்கு விசரோ? நிலம் ஆடுற ஊரிலை போய் ஆராவது வீடு வாங்குவினமோ?"

"அந்த ஊர் அவ்வளவு ஆடாதாம்."

"அங்கை ஆர் இருக்கினம் உங்களுக்கு?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப வாங்கி?"

"தெரியேல்லை."

"வருசத்துக்கு ஒருக்காப் போய்ப் பூட்டைத் திறந்து, தூசி தட்டி, பேந்தும் பூட்டிப்போட்டு வரப் போறியள். கொடியேத்தம், தேர், தீர்த்தம். அவ்வளவும்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாள் சிரிக்கவில்லை. படங்களை அடுக்கி ஓரமாக வைத்தா.

"வதனி இருந்திருந்தால் நான் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன். நானே உங்களைக் கொண்டுபோய் விமானம் ஏத்தியிருப்பன். ஆனா அவ இல்லை, மச்சாள். அது முதல்லை உங்கடை மண்டைக்குள்ளை ஏறவேணும்."

ஏறவில்லை என்றா நினைக்கிறா? நான் அழுது அவ பார்த்ததில்லை என்பதாலா? நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு வீட்டை வாங்க நினைப்பதுதான் எனக்கே விளங்காமல் இருக்கிறது. மச்சாளுக்கு நான் சோறு போட்டேன். வேறு கதை கதைத்தோம்.

இந்தக் கிழமை முழுக்க வேண்டாம் என்பதற்கான காரணங்களைத்தான் சேர்த்தேன். எல்லாமே நல்ல காரணங்கள். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. சங்கக் கூட்டத்தில் நான் யாரோடு கதைப்பேன்? தலைவர் முறை 402க்கு வந்தால் என்ன செய்வேன்? திருத்த வேலைக்கு இன்னும் பத்து வருடத்தில் எல்லா வீட்டுக்காரரும் கூடுதலாகப் பணம் போட வேண்டி வரும், அது தவிர்க்க முடியாதது. 403இல் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் இருக்கும். அவர்கள் தடுப்பை உதைத்துக்கொண்டு என்னிடம் வரமாட்டார்கள், நானும் போகமாட்டேன்.

இன்று காலை வேலையில் இருந்தபோது மொரிதா ஒருமுறை அழைத்திருக்கிறார். கைபேசி அலமாரிக்குள் இருந்தது. மாலைவரை தவணை இருக்கிறதே, ஏன் அவசரப்படுத்துகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் குடித்தேன். அவர் அனுப்பிய படங்களில் பல்கனிப் படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். வெறும் பல்கனி. பக்கவாட்டில் அந்த வெள்ளைத் தடுப்பு. இம்முறை அதை 402இன் பக்கத்திலிருந்து, நான் நிற்க வேண்டிய இடத்திலிருந்து பார்க்கிறேன். அதில் எதுவும் சாத்தி வைக்கப்படவில்லை.

வாங்குகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டே வரி. காரணம் எதுவும் எழுதவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை. பிறகு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உடுப்புகள் கீழே சலவை அறைக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. இன்று என் சலவை நாள். திறப்பைப் பக்கத்துக் கதவில் கொழுவிவிட்டு, உடுப்பைப் பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை.

முழங்காலுக்கு நல்லது என்றாய். பார்ப்போம்.

மறுநாள், சனிக்கிழமை.

நேற்று இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடிப்பதாக இருந்தேன். முடிக்காதது நல்லது.

காலையில் எழும்பியபோது மொரிதாவின் பதில் வந்திருந்தது. மன்னிப்பு முதல் பந்தியிலும் இருந்தது, கடைசிப் பந்தியிலும் இருந்தது. செய்தி நடுவில். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடும்வரை காத்திருந்தார்களாம். என்னை அழைத்துப் பார்த்தாராம். பதில் இல்லாததால் ஓகி அம்மாவின் மகன் கம்பனிக்கே கையெழுத்து வைத்துவிட்டாராம். என் கடிதம் அவர்களுக்குச் சனிக்கிழமை விடியுமுன் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் விளங்கியது. அவருடைய வெள்ளிக்கிழமை மாலை எனக்கு வெள்ளிக்கிழமை காலை. அவர் அழைத்தபோது அங்கே தவணை முடிந்துகொண்டிருந்தது. நான் அந்த ஏழு மணித்தியாலத்தைக் கூட்டவில்லை, வதனி. இத்தனை வருடம் நித்திரையிலும் தப்பாத கணக்கு. நீ போன பிறகு அதைப் போட ஒரு தேவையும் வரவில்லை. ஒகயாமாவில் இன்னும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் நினைவிலேயே இருக்கவில்லை.

மொரிதாவுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். ஓகி அம்மாவின் மகன் காத்திருந்ததற்கு அவருக்கும் நன்றி சொல்லச் சொன்னேன். பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. உடுப்பு எடுக்கக் கீழே போனேன்.

இன்று ஃப்ராவ் ஹூபாகரின் சலவை நாள். அவர் அங்கே நின்றார். அடுத்தவருடைய நாளில் என் உடுப்பு கொடியில் கிடப்பது இந்தக் கட்டடத்தில் சின்னக் குற்றமில்லை. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். என் உடுப்புகள் மடிக்கப்பட்டு ஒரு கூடையில் இருந்தன. மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏதாவது நடந்துவிட்டதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஜப்பானில் ஒரு வீடு வாங்க இருந்தேன். கிடைக்காமல் போய்விட்டது."

அவர் ஆச்சரியப்படவில்லை. "ஷாடே" என்றார். ஐயோ, வீணாய்ப் போச்சே என்பதுபோல இங்கே சொல்லும் சொல்.

"எத்தனையாம் மாடி?"

"நாலு."

"லிஃப்ட் இருந்ததா?"

"இருந்தது. ஆனால் மூன்றில்தான் நிற்கும். ஒரு மாடி ஏற வேண்டும்."

"அந்த இடது முழங்காலோடா?"

என் முழங்காலைப் பற்றி இந்தக் கட்டடத்தில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

"படியில் கேட்கும்" என்றார். "குளிர்காலத்தில் இன்னும் கூட. இரண்டாம் படிக்கட்டில் கொஞ்சம் நிற்பீர்கள். பிறகு ஏறுவீர்கள். கதவு பூட்டும் சத்தம் கேட்டால், சரி, வந்துவிட்டார் என்று நான் விளக்கை அணைப்பேன்."

அவர் உலர்த்தும் இயந்திரத்தில் காய்ந்த கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்து இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார். இரட்டைக் கட்டிலின் பெரிய விரிப்பு. ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தோம். நீளவாட்டில் மடித்து, நான் நடந்துபோய் என் முனைகளை அவர் கையில் கொடுத்தேன். அவர் அடுத்ததை எடுத்தார். எல்லாவற்றையும் மடித்து முடித்தோம்.

இவ்வளவுதான் நடந்தது. உன்னிடம் கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

வீடு போய்விட்டது. அந்த ஏழு மணித்தியாலத்தை மட்டும் இனி நான் விடமாட்டேன். குளிர் வந்தால் எட்டு. ஞாயிறு மத்தியானம் நான் சோறு வடிக்கும்போது உனக்கு இரவு என்பது என் தலையில் இருக்கும். இந்தப் பக்கமிருந்து இரண்டு தரம் தட்டுவேன். பதில் வராவிட்டால், நீ சொல்லித் தந்தபடியே, நித்திரை என்று எடுத்துக்கொள்வேன்.

உன் பக்கத்து வீட்டுக்காரி,
தேவகி